கரண்டோடு போன ஆதாரம்

கடலூரில் இருக்கும் என் அக்கா கணவருக்கு, அதாவது மச்சானுக்கு, என்னிடம் தோற்றால் ஆகாது. ஆன்லைன் கார் பந்தய கேமில் நான் ஜெயிக்கும்போதெல்லாம், "ஏதோ சாஃப்ட்வேர் போட்டு ஏமாத்துறா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார். அதைப் படித்துவிட்டு என் மாமியாரே, "நெசமாவாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

நான் ஏமாற்றவில்லை என்று காட்ட, அன்றே, திரையைப் பதிவு செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் சட்டென்று அனுப்பலாமே என்று எம்பி4 வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். பதிவு பாதியில் அறுந்தால் மொத்தமும் வீணாகலாம் என்று அதிலேயே எச்சரிக்கை வந்தது. இருந்த ஆத்திரத்தில் நான் அதை மதிக்கவில்லை.

மச்சானை எல்லாப் பந்தயத்திலும் தோற்கடித்தேன். "வீடியோ வருது, இருங்க மச்சான்" என்று குழுவில் எழுதிவிட்டு, பதிவை நிறுத்தப் போகும்போது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு பார்த்தால், ஃபைல் இருந்தது, எதிலும் திறக்கவில்லை.

கரண்ட் போய் வீடியோ கெட்டுவிட்டது என்று குழுவில் சொன்னதும் மச்சான் போன் செய்தார். "மாட்டிக்குவோம்னா கரண்டு கட்டாவத்தான் செய்யும். ஒத்துக்க, விட்டுடுறேன்."

"நான் விடமாட்டேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இப்போது எம்கேவி என்ற வேறு வடிவத்தில்தான் பதிவு செய்கிறேன். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி அனுப்புகிறேன். மச்சானோடு பேச்சு நின்றுவிட்டது, பந்தயம் நிற்கவில்லை. அவர் தோற்கும் வீடியோ குழுவில் விழுந்ததும் முதல் லைக் என் மாமியாருடையது.

– ஷமீமா, சிதம்பரம்