ஏழாம் இலக்கக் கதிரை

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டுபேரும் வாக்குவாதப்பட்டீர்கள். ரேடியோவில் வந்த செய்திதான் காரணம். நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றனவாம். அதனால் இன்னும் கூடுதலான குற்ற வழக்குகளை ஜூரி இல்லாமல், நீதிபதி ஒருவரே விசாரித்துத் தீர்த்தால் என்ன என்று ஒரு பேச்சு நடக்கிறது. சனத்துக்குள் இருந்து பன்னிரண்டுபேரைக் கூப்பிட்டு இருத்தி, குற்றவாளியா இல்லையா என்பதை அவர்களைக்கொண்டு சொல்விக்கும் முறையைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

குறைப்பதுதான் சரி என்று மூத்தவள் சொன்னாள். வழக்கு வருசக்கணக்கில் இழுபட்டால் அடிபட்டவனுக்கு என்ன நியாயம் என்று கேட்டாள். சட்டமே படிக்காத பன்னிரண்டுபேர், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மணி பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அவர்களை நம்பி என்ன பிரயோசனம் என்றாள். இளையவன் அதெல்லாம் பிழை என்று மறுத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பாவைக் கேளன். அப்பா ஜூரியில போய் ஃபெயில் விட்ட ஆள்."

எல்லாரும் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தா. நானும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

அது பகிடிதான், எனக்குத் தெரியும். இடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதற்கு மேல் உங்களுக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. நான் ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். உங்களோடு எதிர்த்து வாதாட எனக்கு வராது. நடந்ததை எழுத மட்டும் முடியும்.

ஜூரிகள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் கதைத்துத் தீர்மானிப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்த இடம் வரைக்கும் நான் போகவில்லை. ஆகவே இதை எழுதுவதில் குற்றம் இல்லை.

சில வருசங்களுக்கு முந்தி, ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது தப்பும் வழியைத்தான் எல்லாரும் சொல்லித் தந்தார்கள். பிறம்ரன் வேலையிடத்தில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற ஒருவர், இங்கிலிஸ் தெரியாது என்று சொன்னால் உடனே விட்டுவிடுவார்கள் என்றார். அம்மாவின் தமையன், நெஞ்சு வருத்தம் என்று சொல்லச் சொன்னார். நான் இங்கிலிஸ் தெரியாது என்று சொல்வதாக முடிவெடுத்தேன். பஸ்ஸிலும் சப்வேயிலும் அந்த வசனத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

அங்கே எனக்கு முன்னால் நின்ற பலர் அதையேதான் சொன்னார்கள். என் முறை வந்தபோது எதிர்ப்பக்கம் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குற்றம் சாட்டப்பட்ட பெடியன் இருந்தான். தமிழ்ப் பெடியன். இருபத்தைந்து வயது மதிக்கலாம். வேறு யாருக்கோ தைத்ததுபோலப் பெரிதான கோட் ஒன்று போட்டிருந்தான். அவனைப் பார்த்தபிறகு எனக்கு அந்த வசனம் வாயில் வரவில்லை. இங்கிலிஸ் விளங்கும் என்று சொன்னேன். அவனையோ குடும்பத்தையோ தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவனும் தமிழன் என்பது உனக்குத் தடையாக இருக்குமா என்றார்கள். இராது என்றேன். அப்போது அதை முழுதாக நம்பித்தான் சொன்னேன்.

எனக்கு இருக்கக் கிடைத்தது ஏழாம் இலக்கக் கதிரை. பெயர் அங்கே இல்லை. "நம்பர் செவன்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு கலியாண ஹோலுக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில் நடந்த அடிபாடுதான் வழக்கு. ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். அடித்தது இந்தப் பெடியன்தானா, அல்லது அவனோடு நின்ற வேறொருவனா என்பதுதான் கேள்வி. பெடியன் வழக்குத் தொடங்க முதலே ஒரு வருசத்துக்கு மேலாக மறியலில், சிறைக்குள், இருந்துவிட்டான்.

நீதிபதி எங்களுக்கு முதல்நாளே சொல்லியிருந்தார். வழக்கைப் பற்றி யாரோடும் கதைக்கவேண்டாம், மனுசியோடும் கதைக்கவேண்டாம், வெளியில் யாராவது உங்களோடு கதைத்தால் உடனே அலுவலரிடம் சொல்லுங்கள் என்று. நான் அதை ஒரு விரதம்போலப் பிடித்தேன். கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கிழமைகளில் நான் வீட்டில் ஒன்றுமே கதைக்காமல் இருந்தேன். வழக்கைப் பற்றிச் சொல்லக்கூடாது என்றால் மழை பெய்ததைச் சொல்லலாம்தானே என்று அம்மா கேட்டா. எந்தச் சொல் எதில் போய் முடியும் என்று எனக்குப் பயம்.

காலையில் இஸ்திரி போட்ட சேட்டோடு நான் போவதை நாங்கள் இருக்கிற ரூஜில் நாலுபேர் கண்டிருக்கிறார்கள். கோட்டுக்குப் போறன் என்று மட்டும் சொன்னேன், மிச்சம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோட், அதாவது நீதிமன்றம், என்றால் ஒரே அர்த்தம்தான், ஆள் வழக்கில் மாட்டிவிட்டான். பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள் இரகசியமாக வந்து, தனக்கு ஒரு நல்ல லோயரைத் தெரியும் என்றார்.

அங்கே இருந்த மற்றப் பதினொருபேரும் நல்ல மனிதர்கள். இடைவேளையில் ஹொக்கியைப் பற்றியும் தங்கள் நாய்களைப் பற்றியும் கதைப்பார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. புட்டுக் கட்டிக்கொண்டு போனால் மணக்கும் என்று பாண்தான் கொண்டுபோனேன். பகல் முழுவதும் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து கேட்டதை எல்லாம் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு இருப்பேன்.

பெடியனின் தாய் ஒவ்வொரு நாளும் வருவா. பார்வையாளர் வாங்கில், அவனுக்கு நேர் பின்னால் இருப்பா. கையில் ஜெபமாலை. அவவுக்கு இங்கிலிஸ் அவ்வளவாக விளங்கவில்லை என்று தெரிந்தது. யாராவது பேச வாய் திறந்தால், அந்தப் பேச்சு நல்லதா கெட்டதா என்று எங்கள் பன்னிரண்டுபேரின் முகத்திலும் தேடுவா. என் முகத்தில் கொஞ்சம் கூடநேரம் நிற்பா. நான் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் கோப்பி வாங்க வெளியே கடைக்குப் போனேன். வரிசையில் நின்றபோது பின்னால் ஒரு குரல்.

"அண்ணை தமிழ்தானே?"

அது அந்தத் தாய்தான் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மேலே எழுதியிருந்த விலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை எந்த ஊர்?"

பிள்ளைகளே, கிழமைக்கணக்காகப் பகலில் ஒரு தமிழ்ச் சொல் கேட்காமல் இருந்தவன் நான். அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், செத்தவீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லாமல் நின்றவரை நான் இதுவரை கண்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் என் கோப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அப்போதுதான் அவ விளங்கிக்கொண்டா.

"ஓ, நீங்கள் கதைக்கக் கூடாதாக்கும். குறை நினையாதேங்கோ அண்ணை. கோப்பி ஆறப்போகுது, குடியுங்கோ."

கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் முழுவதும் சாட்சி சொன்னவர் என்ன சொன்னார் என்று என் காதில் ஏறவில்லை. அவ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஊரைத்தான் கேட்டா. அதை நான் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? வழக்கைக் கலைத்து, புது ஜூரி எடுத்து, முதலில் இருந்து தொடங்கினாலும் தொடங்குவார்கள். பெடியன் இன்னும் எத்தனை மாதம் மறியலில் கிடப்பான்? கண் போனவர் திரும்பவும் வந்து அதே கதையைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால்? வரிசையில் எனக்கு முன்னால் மூன்றாம் இலக்கக் கதிரைப் பெண் நின்றா. அவ கண்டிருப்பா. பிறகு வெளியில் வந்தால் எல்லாம் இன்னும் மோசமாகப் போகும். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்கள். உண்மையில் என்னை உறுத்தியது வேறு.

அன்றைக்கு அம்மா மீன்குழம்பு வைத்திருந்தா. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டா. பசியில்லை என்றேன். ஒரு ஆளிடமாவது கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. இவ்வளவு சனம் உள்ள வீட்டில் அப்படி இருந்தது அன்றைக்குத்தான்.

காலையில் அலுவலரிடம் சொன்னேன். சிரித்தபடி கதவைத் திறந்துவிடுகிற மனிதர் அவர். முகம் மாறிவிட்டது. என்னை மட்டும் தனியே நீதிமன்றத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றப் பதினொரு கதிரையும் வெறுமை. பெடியன் இருந்தான். தாயும் பின்னால் இருந்தா.

நீதிபதி தன்மையாகத்தான் கேட்டார். என்ன சொன்னா? என்னுடைய ஊர் எது என்று கேட்டா. ஏன் கேட்டா? நான் இங்கிலிஸில் தேடித் தேடிச் சொன்னேன், ஐயா, நாங்கள் எல்லாரையும் அப்படிக் கேட்போம், அதில் ஒரு காரணமும் இல்லை என்று. அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து, உன் ஊர் தெரிந்தால் உன் உறவினரைக் கண்டுபிடிக்கலாம்தானே என்றார். கண்டுபிடிக்கலாம், ஆனால் அதற்காக இல்லை, நிற்கிற ஆளோடு கதைப்பதற்காக என்றேன். எவ்வளவு சொன்னாலும் அந்த மண்டபத்துக்குள் அது ஒரு களவு வேலைபோலவே கேட்டது. தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று அவவுக்கு விளங்கிவிட்டது. ஜெபமாலையைப் பைக்குள் வைத்தா.

கடைசியாக நீதிபதி, இந்தச் சம்பவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நடுநிலையாகத் தீர்மானிக்க உன்னால் முடியுமா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அந்த ஓமுக்காகத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், பெடியனின் சட்டத்தரணி கட்டாயம் காத்திருந்தார்.

"ஊர் கேட்டதை மறக்கலாம் ஐயா," என்று சொன்னேன். "கோப்பி ஆறமுதல் குடிக்கச் சொன்னா. அதை என்னால் மறக்க ஏலாது."

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். எனக்கு நன்றி சொன்னார். நேர்மையாக இருந்ததற்கு நன்றி என்றார். வழக்கு மிச்சப் பதினொருபேரோடும் தொடரும் என்றார். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தாயைப் பார்த்து, இனி ஜூரிகளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒருவர் அதைத் தமிழில் அவவுக்குச் சொன்னார். அவ கேட்டுக்கொண்டு என்னைத்தான் பார்த்தா. பன்னிரண்டு முகத்துக்குள் தனக்குத் தெரிந்த ஒரே சாயல் தன்னால் எழும்பிப் போகிறது என்றுதான் அவவுக்குப் பட்டிருக்கும். அல்லது, காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறான் என்று.

வெளியே வந்தபோது மத்தியானம்கூட ஆகவில்லை. அம்மா வேலையில், நீங்கள் பள்ளிக்கூடத்தில். கென்னடி ஸ்ரேசனில் இறங்கி, பஸ் எடுக்காமல் வாங்கில் இருந்தேன். இனி நான் யாரோடும் கதைக்கலாம் என்ற நினைப்பு வந்தது. கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

மூத்தவளே, நீ சொன்னதில் பிழை இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த மனிதர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு கோப்பி வரிசையில் முழு வழக்கும் உடையப் பார்த்தது. நீதிபதி ஒருவரே என்றால் அவரிடம் யாரும் ஊர் கேட்கப் போவதில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு வந்த கலக்கம் ஒரு கதிரைக்கு வந்தது. அந்தக் கதிரையை எடுத்துவிட்டார்கள், மிச்சம் பதினொன்று இருந்தது. நீதிபதிக்கு அப்படி ஒருநாள் வந்தால்? அவருக்கும் யாரோ ஒரு தாயின் முகம் மனதில் ஏறாமலா இருக்கும்? அதை யாரிடம் போய்ச் சொல்லுவார், அவருக்குப் பதிலாக யார் இருப்பார்கள்? எனக்குச் சட்டம் தெரியாது. தனியே இருந்து அதைச் சுமப்பது எப்படி என்று கொஞ்சநாள் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் அதைத் தாங்குகிற கைகளைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

தீர்ப்பு என்னவென்று நான் தேடவில்லை. பேப்பரில் வருகிற அளவுக்குப் பெரிய வழக்கும் இல்லை.

போன மாரிக் குளிரில் வோபர்னில் ஒரு தமிழ்க் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். மரக்கறிப் பக்கம் அந்தத் தாய் நின்றா. தலை நன்றாக நரைத்துவிட்டது. பக்கத்தில் வண்டிலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெடியன். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். முருங்கைக்காயை முறித்துப் பார்க்காதே என்று அவனை ஏசிக்கொண்டு நின்றா. விடுதலையாகி வந்தானோ, தண்டனை முடிந்து வந்தானோ, தெரியாது. வெளியில் நின்றான். இனி எனக்குத் தடையில்லை. கிட்டப் போய் ஒரு சொல் கதைக்கலாம் என்று இரண்டடி வைத்தேன்.

அவ நிமிர்ந்தா. உடனே அடையாளம் பிடித்துவிட்டா. நான் சிரிக்கப் பார்த்தேன்.

"ஆரம்மா உவர்? உன்னைத்தான் பாக்கிறார்," என்று பெடியன் கேட்டான்.

"ஒருத்தருமில்லை. நீ நட."

வண்டில் அடுத்த வரிசைக்குத் திரும்பியது. பெடியன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான், அவ பார்க்கவில்லை. அவர்கள் காசு கட்டி வெளியே போகும்வரைக்கும் நான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.