அப்பா பார்த்த ஹை ஜம்ப்

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, நான் உயரம் தாண்டியதை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போட்டி நடக்கும் நாளெல்லாம் அவருக்கு வேலை நாளாகவே இருந்தது. பள்ளியில் படிக்கையில் மாநில அளவில் இரண்டாவதாக வந்தேன். ஊர் பஸ் ஸ்டாப்பில் என் படம் போட்டு பேனர் வைத்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன்முன் நின்றுவிட்டுத்தான் நகர்வாராம்.

அந்தச் சான்றிதழால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து பயிற்சிக்குப் போவேன். இரண்டாம் வருஷம், தாண்டி இறங்கும்போது மெத்தையின் விளிம்பில் கால் மாட்டி முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க முடிந்தது, கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கவும் முடிந்தது. தாண்ட முடியவில்லை. ஹாஸ்டல் தோழிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குச் சொல்லவில்லை.

"இன்னும் குதிக்கறயா பாப்பா?" என்று அப்பா போனில் கேட்பார்.

"குதிக்கறேன்ப்பா."

அந்த நாட்களில்தான் உக்ரைன் நாட்டு வீராங்கனை ஒருத்தியின் போட்டிகளைப் போனில் பார்க்க ஆரம்பித்தேன். சொந்த நாட்டில் போர். அவள் வேறு நாடுகளில் போய்த் தாண்டினாள், பதக்கம் வாங்கினாள்.

போன வருஷம் அப்பாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தோடு கண்ணையும் கெடுத்திருந்தது. ஒரு மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, அவள் தங்கம் வென்ற போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டார்.

"என்னா அது?"

"ஹை ஜம்ப்புப்பா."

போனை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார்.

"நீயா பாப்பா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். "ஆமாப்பா" என்றேன்.

"எத்தினி ஜனம் எந்திரிச்சு நிக்குது" என்றார். திரும்பவும் போடச் சொன்னார். நாலு தடவை பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் போனை நீட்டி, "எம் பொண்ணு. வெளிநாட்ல குதிக்கறா" என்றார்.

பெரியவர் திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா குதிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பா இதையே சொன்னார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனார். காரியத்துக்கு வந்த மாமா, "வெளிநாடு போய் ஜெயிச்சயாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே" என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் அம்மாவைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஆபரேஷனையும் சேர்த்து. அம்மா என் முழங்காலைத் தடவித் தழும்பைத் தேடினாள்.

"இத்தினி நாளு எங்க முன்னால நொண்டாம நடந்து காட்டுனயா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். சாவு வீட்டில் அந்த அழுகையை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

மாமாவிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. அந்த உக்ரைன் பெண் இன்னும் தாண்டிக்கொண்டிருக்கிறாள். நான்தான் எந்தப் போட்டியையும் முழுதாகப் பார்ப்பதில்லை. அவள் ஓட ஆரம்பித்ததும் போனை அணைத்துவிடுகிறேன்.