பேட்டரியைத் தூக்குவது யார்?

ஆர்டிஸ் க்வாமும் டெல்வினும் இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்தபோது வீடு அவளுக்கு வந்தது. பிக்கப் வண்டியையும் நாயையும் அவன் எடுத்துக்கொண்டான். படகை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினாறடி அலுமினியப் படகு அது. ஏரிகள் நிறைந்த வடக்கு மினசோட்டாவில் வீட்டைக்கூடப் பேசித் தீர்த்துவிடலாம், படகை முடியாது. அலுத்துப்போன வக்கீல், ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் அவனுக்கு என்று எழுதி முடித்தார்.

நான்கு வருஷமாக அப்படித்தான் ஓடியது. படகு அவள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாவி கைமாறும். பேச வேண்டியதைப் படகின் பெட்டி மூடியில் சீட்டாக ஒட்டிவிடுவார்கள். ‘இடது சக்கரத்துக்கு கிரீஸ் வேணும்.’ ‘வலை கிழிஞ்சிருக்கு, நான் கிழிக்கல.’ சேர்ந்து இருந்த கடைசி வருஷங்களில் பேசியதைவிட இது அதிகம் என்று ஆர்டிஸுக்குத் தோன்றும். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை அவர்கள். பேச்சு வற்றிப்போய்ப் பிரிந்தவர்கள்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகளின் இரைச்சலில் ஒன்பது மாதம் நின்றவளுக்குக் கோடையில் வேண்டியது ஒன்றுதான்: பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் முன்முனையிலிருக்கும் சின்ன மின்மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, பாறைத் திட்டின் ஓரமாகச் சத்தமில்லாமல் நகர்ந்தபடி வால்ஐ என்கிற ஏரி மீனுக்குத் தூண்டில் போடுவது.

ஜூன் மாதம், அவளுடைய வாரத்தில், மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. படகைத் திட்டின் மேல் நிறுத்தி வைக்க மோட்டாரை முழு வேகத்தில் வைத்தாள். அரை மணி நேரத்தில் அது முனக ஆரம்பித்து, பிறகு நின்றேபோனது. பெரிய எஞ்சினுக்குத் தனி பேட்டரி இருந்ததால் கரை சேர்ந்துவிட்டாள். ஆனால் அதைக் கிளப்புவதற்குள் படகு கோரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அன்று மாலை சீட்டு ஒட்டவில்லை. போன் செய்தாள்.

“சின்ன மோட்டாரோட ரெண்டு பேட்டரியும் செத்துப் போச்சு, டெல்வின்.”

“ஏழு வருஷம் உழைச்சிருக்கு. சனிக்கிழமை ரூபன் கடைக்கு வா, அதே மாதிரி ரெண்டு வாங்கிரலாம்.”

ரூபன், டெல்வினோடு பள்ளியில் படித்தவன். படகுச் சாமான் கடை வைத்திருந்தான். இருவரும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“கண்ணு கெட்டுப்போச்சோன்னு பார்த்தேன்.”

“பேட்டரியைக் காட்டுடா” என்றான் டெல்வின். “விலை கம்மின்னா வண்டிக்குப் போடுறது கூடப் போதும்.”

“வண்டி பேட்டரி ஒரே மூச்சுல கத்திட்டு ஓஞ்சிரும். இந்த மோட்டாருக்கு நாள் பூரா மெதுவாப் பேசிட்டே இருக்கிற ஆள் வேணும். அதெல்லாம் உனக்கு எங்க தெரியப்போகுது.” ரூபன் ஆர்டிஸ் பக்கம் திரும்பினான். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க? எங்க வச்சு சார்ஜ் பண்றீங்க? யாரு தூக்குறது?”

“நான்தான்” என்றான் டெல்வின்.

ரூபன் கேட்டது அவளை. ஆர்டிஸ் ரூபனைப் பார்த்துச் சொன்னாள்.

“என் வாரத்துல நான்தான் தூக்குறேன். கொட்டகையில கரண்ட் கிடையாது, ரூபன். ஒவ்வொண்ணும் அறுபத்தஞ்சு பவுண்டு. படகு ஓரத்துல பலகையைச் சாய்ச்சு, அதுல சறுக்கவிட்டு, தள்ளுவண்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டுபோவேன். போன வருஷம் ஒண்ணு கால்ல விழுந்தது. ரெண்டு வாரம் படகை எடுக்கல.”

“சொல்லவே இல்லையே” என்றான் டெல்வின்.

“சீட்டுல எழுதற விஷயமா அது?”

டெல்வின் அலமாரியிலிருந்த ஈய பேட்டரியைத் தூக்கினான். இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த லித்தியம் பேட்டரியைத் தூக்கினான். அதில் பாதி எடைகூட இல்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு, தோற்றுப்போகப் பிடிக்காத குரலில் சொன்னான்: “நான் ஐஸ் கட்டுற வரைக்கும் மீன் பிடிக்கிறவன். இதைக் குளிர்ல சார்ஜ் போட்டா கெட்டுப்போகும்னு சொல்றாங்க.”

“அது நிஜம்” என்றான் ரூபன். “உறைபனியில ஓட்டலாம், சார்ஜ் போடக்கூடாது. வீட்டுக்குள்ள வச்சுப் போடணும். பழைய சார்ஜரும் ஆகாது, இதுக்குன்னு இருக்கிறதை வாங்கணும்.”

“நான் இருக்கிறது மாடி வீடு. பேட்டரியை உள்ள கொண்டுவரக் கூடாதுங்கிறான் வீட்டுக்காரன். வண்டியோட பின்பக்கத்துல வச்சுதான் சார்ஜ் போடுறேன்.”

இதற்கு என்ன வழி என்று ஆர்டிஸுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

“அக்டோபர்ல என் சமையலறைக்குக் கொண்டுவா” என்றாள். “கதவுக்குப் பக்கத்துல பிளக் இருக்கு.”

விலை மூன்று மடங்குக்குப் பக்கம் என்று ரூபன் நினைவுபடுத்தினான். டெல்வின் அதைக் காதில் வாங்காதவன்போல ஒரு பேட்டரியை வாசலுக்குக் கொண்டுபோனான். இன்னொன்றை ஆர்டிஸ் எடுத்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

புது பேட்டரிகளோடு படகின் பின்பக்கம் லேசாகிவிட்டது. டெல்வின் தன் வாரத்தில் எடைக்காக அங்கே ஒரு மணல் மூட்டையை வைப்பான். ஆர்டிஸ் தன் வாரத்தில் அதை எடுத்து வெளியே போடுவாள். ‘மூட்டையைத் தொடாதே’ என்று ஒரு சீட்டு. ‘என் வாரம்’ என்று பதில்.

ஆகஸ்டில் ஒரு நாள் மறுபடியும் மேற்குக் காற்று அடித்தது. மதியம் முழுக்கப் பாறைத் திட்டின் மேல் ஆணி அடித்ததுபோல் படகை நிறுத்தினாள் ஆர்டிஸ். மூன்று மீன் கிடைத்தது. மீனைவிட, மாலையில் படகிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் தானே எடுத்து, கைக்கு ஒன்றாகப் புல்வெளியைத் தாண்டி நடந்ததுதான் அவளுக்கு நிறைவாக இருந்தது. வீடு இவ்வளவு பக்கத்தில்தான் இருந்ததா என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம், பொழுது சாயும் நேரம், சமையலறைக் கதவு தட்டப்பட்டது. பேட்டரிகளைத் தாங்கிக்கொண்டு டெல்வின் நின்றிருந்தான். தொப்பியில் பனித்துகள். நான்கு வருஷமாக அவன் இந்தப் படியைத் தாண்டியதில்லை. ஆர்டிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே குடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

“ஃபிரிட்ஜை மாத்தி வச்சிருக்க.”

“மூணு வருஷம் ஆச்சு.”

“தனியாவா நகர்த்தின?”

“தனியாத்தான்.”

அவன் தலையாட்டினான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான். எத்தனை மணிக்கு என்று ஆர்டிஸ் கேட்டாள்.

“ஆறு மணிக்கு.”

“அஞ்சரைக்கு வா. காபி போட்டிருப்பேன்.”