மஞ்சள் பார்க்கும் கருவி

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லூரியில் இயற்பியல் வகுப்பு முடிந்ததும் ஆய்வகம், பிறகு படகேறி மட்டாஞ்சேரி வீடு. அங்கும் கூடத்திலேயே நடை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்பதை, குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்காமல், நெற்றியில் ஒளியைப் பாய்ச்சியே சொல்லும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தோம். ஆய்வகத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. மருத்துவமனையில் மட்டும் ஒரே குழந்தைக்கு ஒரு நர்ஸ் வைத்தால் ஒரு எண், இன்னொருவர் வைத்தால் வேறு எண்.

கூட உழைத்த ஆய்வு மாணவி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்றார்கள். அப்படிப் போய், வராமலே போன பெண்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். கருவியைப் பற்றிக் கவலைப்படுகிறேனா, இவளைப் பற்றியா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு காலையில் அவளே போன் செய்தாள். "டீச்சர், குழந்தைக்கு மஞ்சள் இருக்கு. பிளட் எடுக்கப் போறாங்க. நம்ம மெஷினையும் கொண்டு வாங்க, வெச்சுப் பாக்கலாம். டாக்டர் சம்மதிச்சாச்சு."

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய் இறங்கினேன். கட்டிலருகே அவள் மாமியார் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "பெத்த உடம்பு, டீச்சரே. இப்பவும் ஜோலியா?" என்றார்.

"நான்தான் வரச் சொன்னேன், அம்மே" என்றாள் அவள்.

கருவியை வாங்கி மகளின் நெற்றியில் வைத்தாள். பிறகு நர்ஸ் வைத்தார். எண் மாறியது. அவள் முகம் சுளித்தாள். விரல் நுனியால் குழந்தையின் நெற்றியை மெல்ல அழுத்தி எடுத்தாள். அந்த இடம் வெளிறி, மெதுவாகச் சிவந்தது.

"டீச்சர், அழுத்தினா ரத்தம் விலகிடுது! நர்ஸ் சேச்சி அழுத்தி வெச்சாங்க. என் குழந்தையாச்சே, எனக்கு அழுத்தக் கை வரல."

இத்தனை மாதமும் நான் ஒளியைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கையை அல்ல.

முனையில் ஒரு ஸ்பிரிங் வைத்தோம்; சரியான அழுத்தம் வந்தால்தான் ஒளி பாயும். அதன் பிறகு, யார் வைத்தாலும் எண் பெரிதாக மாறவில்லை.

குழந்தை சிகிச்சையில் தேறிவிட்டது. அவளைத் திரும்ப அழைத்து வருவதுதான் கடினமாக இருந்தது. குழந்தையை வைத்துக்கொள்ள, கல்லூரி முதல்வரிடம் மன்றாடி ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையை வாங்கினேன். அவள் வீட்டுக்குப் பலமுறை நடந்தேன். கடைசியில் மாமியாரே பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவளோடு அந்த அறைக்கு வந்து இறங்கினார்.

"என்ன தணுப்பு இது! முதல்ல அந்த ஏசியைக் குறைங்க, டீச்சரே" என்றார்.