வள்ளத்து மண்ணெண்ணெய்

என் மகளின் புதுநன்மைக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை கொட்டி, தருவைகுளம் முழுக்கக் கரண்ட் போனது. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் தைத்தாக வேண்டும். அதற்கென்று வாங்கிய துணியோ அந்த ஒன்றுதான். மிதிக்கிற மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம், எனக்குத்தான் வெளிச்சம் வேண்டும்.

பரணிலிருந்து அரிக்கேன் விளக்கை இறக்கிவிட்டு, நல்ல மண்ணெண்ணெயாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னேன் வீட்டுக்காரரிடம்.

"எதுக்குளா வாங்கணும்? நம்ம வள்ளத்துக் கேன்ல இருக்கதவிடச் சுத்தமானது எங்க கெடைக்கும்?" என்றார். கேனைத் திறந்து மோந்தும் பார்த்தார். மீன்பிடிக்கப் போகிற வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கிறவருக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்றோ.

கொளுத்திய கொஞ்ச நேரத்தில் சிம்னி கறுத்தது. துடைத்தேன், திரியைக் கத்தரித்தேன், தாழ்த்தினேன். புகை நின்றபாடில்லை. சந்தேகப்பட்டு ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டேன். நல்ல மண்ணெண்ணெய் தடமில்லாமல் காய்ந்துவிடும். இது வடை வைத்த தாள்போலப் பிசுபிசுத்தது.

"இதுல என்னத்தக் கலந்தீக?"

தலையைச் சொறிந்தார். "எஞ்சினுக்கு ஆயில் ஊத்திக் கலக்கித்தான வைப்போம். மறந்துட்டேன்." தினமும் தன் கையால் கலக்குகிற மனுஷன் மறந்துவிட்டாராம்.

அதோடு விட்டாரா? கவுனின் நெஞ்சுப்பக்கம் ஒரு கரித்துகள் விழுந்திருந்தது. ஊதினால் போயிருக்கும். நான் வாயைத் திறக்குமுன், "இந்தா, தொடச்சிருதேன்" என்று எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஒரே தேய். விரலகலத்துக்குக் கறுப்பாய் ஒரு தீற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான். எத்தனை முறை சோப்புப் போட்டும் சாம்பல் நிறம் போகவில்லை.

பக்கத்து வீட்டில் கொஞ்சம் நல்ல மண்ணெண்ணெய் வாங்கி மீதியைத் தைத்து முடித்தேன். கறை தெரியாமல் மிச்சத்துணியில் ஒரு ரோஜாப்பூ செய்து அதன்மேல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "எனக்கு மட்டும் எதுக்கும்மா பூ?"

"ஒங்கப்பாட்ட கேளு," என்றேன். கொஞ்சமாவது வெட்கப்படட்டும்.

"நாந்தான்ளா அம்மாட்ட வைக்கச் சொன்னேன்," என்றார் அந்த மனுஷன், கண் இமைக்காமல்.

பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய அந்தக் கட்டைவிரலையே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.