நடுவில் வைத்தால் மெலியும் கிட்டார்

இசைக்குழுவில் வேறு யார் வாசித்தாலும் அந்த எலக்ட்ரிக் கிட்டார் கம்பீரமாக ஒலிக்கும். அவள் கைக்கு வந்தால் மட்டும் தகர டப்பாவாகிவிடும். குழுவை நடத்துபவர் அவளுடைய தாய்மாமன். "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்கு அது அமையல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஓட்டல் கச்சேரிக்கு வேறொருவரைப் பேசியாகிவிட்டது.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை மங்குகிறது என்று வருகிறவரிடம் உங்கள் கிரகம் சரியில்லை என்று அவள் சொன்னதில்லை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கிட்டாரையும் அப்படிப் பார்த்தால் என்ன?

மறுநாள் கடைக்கு விடுமுறை. பக்கத்து மின்விசிறி மெக்கானிக்கிடம் மின்சாரம் அளக்கும், முள் வைத்த பழைய மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு ஒத்திகை அறைக்குப் போனாள். டிரம்ஸ் வாசிப்பவன் டிரம்மின் தோலை மாற்றிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, பரிகாரமா?"

"ஆமாடா. ஸ்க்ரூடிரைவர் பரிகாரம். வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

கேபிளை மாற்றினாள். பயனில்லை. சுவிட்சை வேகமாக மேலும் கீழும் தள்ளினாள். கரகரப்பு இல்லை, ஆக அழுக்கும் இல்லை. தந்திகளுக்கு அடியில் இரண்டு பிக்கப்புகள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குபவை அவைதான். சுவிட்ச் மேலே இருந்தால் ஒன்று பேசும், கீழே இருந்தால் மற்றது, நடுவில் இரண்டும். தனித்தனியே வாசித்துப் பார்த்தாள். இரண்டும் கணீரென்றன. நடுவில் வைத்தாள். ஒலி சுருங்கியது.

உயிரோடு இருக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவரைவிடக் குறைவாகவா பேசுவார்கள்?

அப்போதுதான் மாமாவின் பழக்கம் நினைவுக்கு வந்தது. கிட்டாரைக் கையில் வாங்கியதுமே சுவிட்சைக் கீழே தள்ளிவிடுவார், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே. பாடகியின் குரலை அமுக்காமல் வாசிக்கவேண்டிய அவள் ஒருத்திதான், மென்மையான ஒலி வேண்டி நடுவில் வைப்பவள்.

கேபிளின் மறுமுனையை மீட்டரில் சேர்த்து, ஒரு பிக்கப்பின் காந்தத்தின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டவைத்தாள். முள் வலப்பக்கம் துள்ளியது. சுவிட்சை மாற்றி அடுத்ததில் அதையே செய்தாள். முள் இடப்பக்கம் துள்ளியது. திரும்பத் திரும்பச் செய்தாள். அதே வலம், அதே இடம்.

"ஒரே வண்டியை ஒருத்தன் முன்னால இருந்தும் ஒருத்தன் பின்னால இருந்தும் தள்றாங்கடா!" என்று கத்தினாள்.

கிட்டாரைத் திறந்தார்கள். போன மாதம் மாமா தானே மாற்றிப் பொருத்திய பிக்கப்பின் இரண்டு வயர்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன.

ஒரு வயரின் பிழையைச் சுமக்க ஒரு பெண்ணின் கை எத்தனை சுலபமாகக் கிடைத்துவிடுகிறது! ராசி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஏதோ ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு நின்றவனாகத்தான் இருக்கவேண்டும்.

மாமா வந்தார். அவள் ஒன்றும் விளக்காமல் கிட்டாரை நீட்டினாள். "நடுவில் வெச்சு வாசிங்க மாமா." வாசித்தார். தகர டப்பா. சுவிட்சைக் கீழே தள்ளினார். கம்பீரம். மறுபடியும் நடு. மறுபடியும் டப்பா.

"அட, உங்க ராசியும் இவ்வளவுதானா?" என்றான் டிரம்ஸ்காரன்.

"சும்மா இருடா." மாமா திறந்து கிடந்த வயர்களைக் குனிந்து பார்த்தார். "சரிம்மா, பற்றவெச்சிடு. சனிக்கிழமை நீயே வாசி. அந்தப் பையன்கிட்ட உன் ராசி திரும்பிடுச்சுன்னு சொல்லிடறேன்."

"அப்படிச் சொல்றதா இருந்தா அவரே வாசிக்கட்டும். நான் வரல."

"வேற என்னடி சொல்லச் சொல்ற?"

"நடந்ததை."

மாமா போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "தம்பி, சனிக்கிழமை நீ வரவேண்டாம்பா... இல்ல, ராசி கீசி எல்லாம் இல்ல. வயரை நான்தான் மாத்திப் பற்றவெச்சுட்டேன். என் மருமகதான் கண்டுபிடிச்சா."

அவள் சால்டரிங் அயர்னின் பிளக்கைச் செருகினாள்.