வடக்குப் பார்த்த தலைவர்

சுட்டுவிரலை எச்சிலில் நனைத்து, மொட்டைமாடியில் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார் சுப்பராமன். பசுமலையில் அவருக்குப் பாதிக் காலைகள் இப்படித்தான் விடிகின்றன. விரலில் நம்பிக்கை குறைந்தால், டி.வி. ஆன்டெனாவில் கட்டியிருக்கும் ரவிக்கைத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். துணி சிக்கிக்கொண்டால் ஆன்டெனாவையே திருகுவார். அந்த வாரத்து வெள்ளிக்கிழமைப் பாட்டு புள்ளி புள்ளியாகப் போய்விடும். ரவிக்கையும் பாட்டும் மனைவி பாகீரதியுடையவை.

கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். காற்று தமக்குக் கீழே வேலை பார்க்கிறது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மழைக்காலம் முடியும்போது வடக்கேயிருந்து நம் கண்மாய்களுக்கு ஊசிவால் வாத்துகள் வரும். அவை எப்போது, எந்தப் பக்கமாக வந்து இறங்கும் என்று அறிவிக்கும் உரிமை பறவைச் சங்கத் தலைவரான தமக்கு மட்டுமே உண்டு என்பது அவர் கட்சி. "வால்ல காத்து தள்ளணும் ஓய். பட்சிக்கென்ன பெட்ரோலா போட்டிருக்கு? காத்து வர்ற திசையிலேருந்துதான் வந்து இறங்கும்" என்பார். இறங்காவிட்டால் குற்றம் வாத்துகளுடையது.

தொண்ணூற்றெட்டு தை மாதம் பட்டுக்கடை ஹரிநாராயணன் தலைவர் பதவிக்கு ஆசைப்பட்டார். சுப்பராமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வருகிற ஞாயிறன்று பேரையூர்ப் பக்கத்துக் கண்மாயில் வாத்துகள் வடக்கேயிருந்து இறங்குவதைக் காட்டாவிட்டால் நாற்காலியை விட்டுவிடுவதாகக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அது போனால் அவரை 'சார்' என்று கூப்பிடப் பால்காரர் மட்டும்தான் மிச்சம். பாவம் என்று சொல்லலாம். அவர் பேசுவதைக் கேட்டவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிறன்று வாடைக்காற்று பலமாக அடித்தது. சங்கத்தாரைக் கண்மாயின் வடகரையில் வடக்குப் பார்த்து நிறுத்தினார். பேசக் கூடாது, திரும்பக் கூடாது. எல்லோர் கண்ணிலும் மண் விழுந்தது. ஜலதோஷக்காரியான பாகீரதி மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்றுகொண்டாள்.

எல்லோரும் அடிவானத்தை முறைத்துக்கொண்டிருக்க, வாத்துகள் வெகு உயரத்தில் தலைக்கு மேலே கடந்து போய், தெற்கே வளைந்து, எதிர்க்காற்றில் சிறகை விரித்துக் கண்மாய்க்கு இறங்கின. காற்று பின்னால் தள்ளினால் பறவை வேகமாய்ப் போகலாம்; வேகத்தைக் குறைத்து இறங்க எதிர்க்காற்றுதான் வேண்டும். இதுவும் பௌதிகம்தான்.

"ஏன்னா, பின்னாடி இறங்கறது பாருங்கோ" என்றாள் பாகீரதி.

சங்கமே திரும்பியது. "அம்புட்டும் தெக்கேயிருந்துல்ல வருது, சார்" என்றார் ஹரிநாராயணன்.

சுப்பராமன் திரும்பவில்லை. "அது உள்ளூர் வாத்து" என்றார். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மறு கையை நீட்டி, பாகீரதியின் தோளைப் பற்றி, ஒன்றுமில்லாத வடக்கு வானத்தைப் பார்க்க அவளைத் திருப்பி நிறுத்தினார்.